விளைந்ததில் யாருக்கு எவ்வளவு? கூலி, குத்தகை, வட்டி, லாபம் வீட்டு வருமானமாவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவும் பொருளியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பகிர்வுப் பாடம் வரும் மாதம் வகுப்பில் ஒரு குழப்பம் தவறாமல் எழும். நாட்டின் வருமானம் கூலி, குத்தகை, வட்டி, லாபம் என்று பிரிவது ஒரு கணக்கு. அதே வருமானம் இந்த வீட்டுக்கு இவ்வளவு, அந்த வீட்டுக்கு அவ்வளவு என்று பிரிவது இன்னொரு கணக்கு. முதல் கணக்கு தெரிந்தால் இரண்டாவது தானாகத் தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்கள் பலரும் அப்படித்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களை நம் பர்மாவிலிருந்தே எடுத்துக்கொண்டேன். நம் தாத்தாக்களின் வயற்காட்டிலும் வட்டிக்கடையிலும் இந்தப் பாடம் முழுவதும் நடந்து முடிந்திருக்கிறது.

உற்பத்திக் காரணிகளுக்கான பகிர்வு என்றால் என்ன?

ஒரு பொருள் விளைய நிலம் வேண்டும், உழைப்பு வேண்டும், முதல், அதாவது மூலதனம், வேண்டும், இவற்றை ஒன்றுசேர்த்து நட்டத்துக்குத் துணிந்து தொழில் நடத்த ஓர் ஆள் வேண்டும். நிலத்துக்குப் போவது குத்தகை, உழைப்புக்குப் போவது கூலி, முதலுக்குப் போவது வட்டி, தொழில் நடத்துபவருக்கு மிஞ்சுவது லாபம். பாடப் புத்தகத்தில் நிலத்தின் பங்கை ‘வாரம்’ என்று எழுதியிருப்பார்கள். விளைச்சலைப் பங்கு பிரித்து ‘வாரத்துக்கு’ உழுதவர்களின் சொல் அது. நம் வீடுகளில் இன்று குத்தகை என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தப் பிரிவினையில் ஆள் பெயர் கிடையாது. ‘நிலத்துக்கு இவ்வளவு’ என்றுதான் வரும். அந்த நிலம் ஒருவருடையதா, ஊருடையதா, கோவிலுடையதா என்று அந்தக் கணக்கு கேட்காது. இதைக் காரணிவாரிப் பகிர்வு என்று வைத்துக்கொள்வோம்.

ஆள்வாரிப் பகிர்வு?

அது மனிதர்களை வரிசையில் நிறுத்திப் பார்ப்பது. மிகக் குறைந்த வருமானம் உள்ளவரிடம் தொடங்கி மிக அதிகம் உள்ளவர் வரை நிறுத்தினால், கீழ்ப்பாதிக்கு மொத்தத்தில் எவ்வளவு, மேலே இருக்கும் பத்தில் ஒரு பங்கினருக்கு எவ்வளவு என்று சொல்லலாம். இங்கே பணம் எந்த வழியாக வந்தது என்ற கேள்வி இல்லை. கூலியாக வந்த ஆயிரமும் வட்டியாக வந்த ஆயிரமும் ஒன்றே.

இரண்டும் ஒரே வருமானத்தைத்தானே பிரிக்கின்றன? பிறகு ஏன் வேறு வேறு?

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இந்தக் கேள்வி, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பெகு பக்கம், இன்றைய பகோவில், குத்தகைக்கு நெல் போட்டவர். அறுப்பு முடிந்து, எருமை கட்டிப் போரடித்து, நெல் களத்தில் குவிந்து கிடக்கும்போது அவர் மனக்கணக்கு எப்படி ஓடும் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். குவியலைச் சுற்றி ஆட்கள் நிற்பார்களாம். நிலக்காரருடைய ஆள் ஒரு பக்கம், அறுப்பாட்கள் ஒரு பக்கம், எருமை வாடகைக்கு விட்டவர் ஒரு பக்கம், கடன் கொடுத்த கடையின் ஆள் ஒரு பக்கம். கூடை கூடையாக அளந்து போகப் போகக் குவியல் தணிந்துகொண்டே வருமாம். நம் பக்கத்துக் கூடை ஒன்றுக்கு 46 ராத்தல் நெல், இன்றைய அளவில் ஏறத்தாழ 21 கிலோ.

கணக்கு புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். 30 ஏக்கர், 900 கூடை. விதைக்கு 30 கூடை எடுத்துவைத்தால் மிச்சம் 870. இதில் நிலத்துக்குக் குத்தகை 360. நடவுக்கும் அறுப்புக்கும் கூலி 200. எருமை வாடகை 60. வட்டி 50. தாத்தாவின் சொந்த உழைப்புக்கும் பொறுப்புக்கும் நிற்பது 200. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால், நிலத்துக்குச் சுமார் 41. கூலியாளின் உழைப்பையும் தாத்தாவின் உழைப்பையும் சேர்த்தால் 46. எருமைக்கு 7, வட்டிக்கு 6.

இப்போது இதே போன்ற 30 ஏக்கர்ப் பண்ணைகள் பத்து கொண்ட இரண்டு ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் பத்துக் குடும்பமும் சொந்த நிலத்தில் உழுகிறது. இரண்டாவது ஊரில் பத்துப் பண்ணையும் ஒரே ஒருவருக்குச் சொந்தம், பத்துக் குடும்பமும் அவரிடம் குத்தகைக்கு உழுகிறது. மண், மழை, விளைச்சல், கூலி எல்லாம் இரண்டு ஊரிலும் ஒன்று.

காரணிவாரிக் கணக்கில் இரண்டு ஊரும் ஒன்றுதான். இரண்டிலும் நிலத்தின் பங்கு நூற்றுக்கு 41. சொந்த நிலத்தில் உழுகிறவர் யாருக்கும் குத்தகை அளப்பதில்லை என்றாலும், அந்த 360 கூடை அவர் நிலத்துக்காக அவரிடமே நிற்கிறது.

வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். முதல் ஊரில் ஒவ்வொரு உழவர் வீட்டிலும் 200 கூடையும் 360 கூடையும் சேர்ந்து 560 கூடை. இரண்டாவது ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் 200 கூடை, நிலக்காரர் வீட்டில் 3,600 கூடை. ஓர் உழவர் வீட்டைப்போல 18 மடங்கு. காரணிவாரிக் கணக்கை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு ஊருக்கும் வித்தியாசமே தெரியாது.

ஆக, ஒருவருடைய வருமானம் என்பது அவரிடம் உள்ள உழைப்பு, நிலம், முதல் ஒவ்வொன்றின் அளவையும் அதற்குக் கிடைக்கும் விலையால் பெருக்கிக் கூட்டியது. காரணிவாரிக் கணக்கு விலையையும் மொத்தத்தையும் சொல்லும். எது யார் கையில் என்பதை அது சொல்லாது. காரணிக்கும் ஆளுக்கும் நடுவே நிற்பது உடைமை.

அப்படியானால் பழைய பொருளியலாளர்கள் ஏன் காரணிவாரிக் கணக்கையே பெரிதாகப் பேசினார்கள்?

அவர்கள் காலத்து இங்கிலாந்தில் இரண்டும் ஒட்டியே இருந்தன. நிலம் ஒரு கூட்டத்தாரிடம், முதல் ஒரு கூட்டத்தாரிடம், மற்றவர்களுக்கு உடம்பு மட்டும். 1817இல் டேவிட் ரிக்கார்டோ, விளைச்சல் நிலக்காரர், முதலாளி, உழைப்பாளி என்ற மூன்று வகுப்பாருக்கும் எந்த விதிப்படி பிரிகிறது என்பதே பொருளியலின் முதன்மைக் கேள்வி என்று எழுதினார். நிலத்தின் பங்கு என்றால் நிலப்பிரபுவின் வருமானம் என்று அன்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்று ஓர் ஆளே சம்பளமும் வாங்குகிறார், வீட்டு வாடகையும் வாங்குகிறார், வங்கியில் வட்டியும் வாங்குகிறார்.

பர்மாவில் இது உண்மையாகவே நடந்ததா, அல்லது கரும்பலகைக் கணக்கா?

நடந்தது. நம் ஆட்கள் இருபுறமும் நின்றார்கள்.

1852க்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. 1850களில் 10 லட்சம் ஏக்கர் அளவில் இருந்த கீழ்ப் பர்மா நெல் நிலம் 1930களில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரானது. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி கப்பலேறியது. உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இதுதான். சதுப்புக் காட்டை வெட்டித் திருத்திய பர்மிய உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் வயலுக்கு வரவில்லை. செட்டிநாட்டு நகரத்தாரின், அதாவது செட்டியார்களின், வட்டிக்கடைகள் வந்தன. 1930 வாக்கில் பர்மா முழுவதும் 1,600க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது.

பிறகு உலகப் பெருமந்தம் வந்தது. 1930க்குப் பின் சில ஆண்டுகளில் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. நம் களத்துக் குவியலுக்குத் திரும்புவோம். குத்தகை கூடைக் கணக்கு, அறுப்புக் கூலியும் கூடைக் கணக்கு. வட்டியோ ரூபாய்க் கணக்கு. விலை பாதியானால் 50 கூடைக்குக் கட்டிய அதே வட்டிக்கு 100 கூடை விற்க வேண்டும். அறுப்பு வரை சாப்பிட வாங்கிய அசல் 150 கூடை மதிப்பு என்றால் அது 300 கூடையாகிவிடும். தாத்தாவிடம் மிஞ்சுவதோ 150. அதில் 300 எப்படிக் கட்டுவது? தலைவரியும் ரூபாயில்தான், குடும்பஸ்தருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மணமாகாதவருக்கு இரண்டரை. விலை விழுந்தால் அதற்கும் இரட்டிப்பு நெல். 1930 டிசம்பரில் தராவடியில் பர்மிய உழவர்களின் சாயா சான் கிளர்ச்சி வெடித்தபோது வரியும் கடனும் அதற்குள் எரிந்துகொண்டிருந்தன.

சொந்த நிலக்காரருக்குக் குத்தகை இல்லை. ஆனால் பலருக்கு நிலத்தின் மேலேயே கடன் இருந்தது. கட்ட முடியாதபோது நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாரிடம் இருந்தது சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர், மொத்தத்தில் நூற்றுக்கு 6. 1937இல் அது 24 லட்சம் ஏக்கரைத் தாண்டி நூற்றுக்கு 25 ஆனது. உழவரல்லாத எல்லோரையும் சேர்த்தால் ஏறத்தாழ பாதி நிலம்.

இதில் மூன்று கட்டம் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் விலை மாறி, காரணிவாரிப் பங்கு மாறியது, வட்டி வீங்கியது. அந்த வீக்கம் உடைமையை மாற்றியது. உடைமை மாறியபின் ஆள்வாரிப் பகிர்வு நிலைகுலைந்தது. விலை பிறகு தேறினாலும் மூன்றாவது கட்டம் திரும்பாது. நம் கணக்கின் முதல் ஊர் இரண்டாவது ஊராகிவிட்டது.

அந்த வட்டியும் குத்தகையும் முழுக்க ‘செட்டியாருக்கு’ப் போனது என்று பள்ளியில் படித்தோமே?

‘செட்டியார்’ ஓர் ஆள் அல்ல. இந்த விஷயத்தில் பர்மியர் மனக்காயம் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிலத்தை இழந்தவன் இழந்தவன்தான். ஆனால் வட்டி என்ற ஒரே பங்கு எத்தனை கைக்குப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கடை முதலாளி பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இருப்பார். ரங்கூனிலோ மியாங்மியாவிலோ கடையை நடத்துபவர் மேலாள் எனப்படும் ஏஜெண்டு. பொதுவாக மூன்று ஆண்டு ஒப்பந்தம், சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், முடிவில் லாபத்தில் ஒரு பங்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பையனுக்குச் சொற்பச் சம்பளமும் சாப்பாடும். ஆக, ‘வட்டி’ என்று கணக்கில் நிற்கும் பணத்திலிருந்தே இவர்களுடைய கூலி போகிறது.

முதலும் முழுக்க முதலாளியுடையது அல்ல. அவர் சொந்தப் பணத்தோடு உறவினர் போட்ட வைப்புப் பணம் இருக்கும். நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் தங்கள் சீதனப் பணத்தைப் போட்டிருப்பார்கள். கோவில் பணம் இருக்கும். ரங்கூன் வங்கிகளிடம் வாங்கிய கடன் இருக்கும். முகல் தெருக் கோவிலில், இன்று அது ஷ்வே பொந்தா தெரு, மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். கடைகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்ய அந்த வீதம்தான் அளவுகோல். உழவரிடம் வாங்கும் வட்டிக்கும் அந்த நடப்பு வட்டிக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் கடை பிழைத்தது.

தேவகோட்டையில் கணவனை இழந்து, சீதனப் பணத்து வட்டியை நம்பிப் பிள்ளைகளை வளர்த்த ஓர் ஆச்சியும், பத்துக் கடை வைத்திருந்த முதலாளியும் காரணிவாரிக் கணக்கில் ஒரே வரியில் வருகிறார்கள். இருவருக்கும் வருவது வட்டி. ஆள்வாரி வரிசையில் நிறுத்தினால் ஆச்சி எங்கே, முதலாளி எங்கே?

1930களில் கடைகளின் பணம் நிலமாக உறைந்துபோனபோது முதலில் தவித்ததும் வைப்புப் போட்டவர்கள்தான். நகரத்தாருக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது. நிலத்தை வைத்துக்கொண்டு ஆச்சிக்கு வட்டி அனுப்ப முடியாது.

உழைப்பின் பங்கு கூடினால் ஏழைகளுக்கு நல்லது. இதிலாவது சந்தேகம் இல்லையே?

பெரும்பாலும் நல்லது. ஆனால் உழைப்பின் பங்குக்குள்ளேயே ஒரு மலை இருக்கிறது. அரிசி ஆலையின் வெள்ளைக்கார மேனேஜர் சம்பளமும், மூட்டை சுமந்தவர் கூலியும் ஒரே பங்கு. அந்தக் கூலியிலிருந்து மேஸ்திரி பிடித்துக்கொண்டதும் அதே பங்குக்குள் அடங்கும். ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து, கப்பல் கட்டணம் கொடுத்து, அதற்காகக் கூலியில் கழித்துக்கொண்ட மேஸ்திரிமார் பலர் நம் மொழி பேசியவர்களே.

வேலை யாருக்கு என்பது அடுத்தது. 1931இல் ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் இந்தியர். 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்க பர்மியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். சமரசம் ஏற்பட்டதும் பழையவர்கள் திரும்பினார்கள், பர்மியர்கள் அனுப்பப்பட்டார்கள். அன்று மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். துறைமுகத்தின் மொத்தக் கூலித் தொகை கூடியிருக்கலாம். அந்தத் தொகை எந்த வீட்டுக்கு அரிசி வாங்கியது என்பதில்தான் ரத்தம் சிந்தியது. எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியை நான் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவேன். வேலையே கிடைக்காதவர் உழைப்பின் பங்கு என்ற கணக்கில் ஓர் ஓரத்தில்கூட இல்லை.

சம்பளம் வாங்குபவர் ஏழை, வட்டியும் வாடகையும் வாங்குபவர் பணக்காரர் என்று பொதுவாகச் சொல்லலாமா?

சராசரியில் உண்மை, தனித்தனியாகப் பார்த்தால் பலமுறை பொய். தேவகோட்டை ஆச்சியை மறக்க வேண்டாம்.

எங்கள் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். அவர் வருமானம் கூலியா, லாபமா?

வகுப்பில் ஆண்டுதோறும் இந்தக் கேள்வி வரும். நம் மக்களில் பாதிப் பேர் சொந்தக் கடை அல்லது சொந்த வயல் என்பதால் இது சின்னக் கேள்வியல்ல.

ஒரு கடையை மனதில் வையுங்கள். வீட்டின் கீழ்த்தளம்தான் கடை, வாடகை இல்லை. அப்பா விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைப்பார். அம்மா உளுந்து அரைத்து வடை தட்டுவார். அக்கா கல்லாவில் இருப்பார். தம்பி பள்ளி விட்டு வந்து கிளாஸ் கழுவுவான். சம்பளத்துக்கு இருப்பது ஒரே ஒரு பையன். இரவு கடை சாத்தியபின், பாலுக்கும் மாவுக்கும் விறகுக்கும் பையன் சம்பளத்துக்கும் கொடுத்தது போக டப்பாவில் மிஞ்சுவதை அப்பா ‘லாபம்’ என்பார்.

அந்த டப்பாவில் நாலு காரணியும் ஒன்றாகக் கிடக்கின்றன. கீழ்த்தளத்தை வேறொருவருக்கு விட்டிருந்தால் வரும் வாடகை அதில் இருக்கிறது. பாய்லர், மேசை, நாற்காலியில் போட்ட பணத்துக்கு வட்டி இருக்கிறது. அப்பா வேறு கடையில் மாஸ்டராக நின்றால் கிடைக்கும் சம்பளம் இருக்கிறது. அம்மா, அக்கா, தம்பி மூவருடைய கூலியும் இருக்கிறது. இத்தனையையும் கழித்த பிறகும் ஏதாவது நின்றால்தான் அது லாபம். என் மாணவர்கள் தங்கள் வீட்டுக் கடைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வரும்போது, பல வீடுகளில் கடைசி வரி சூன்யத்துக்குக் கீழே போயிருக்கும். லாபம் என்று இத்தனை நாள் நினைத்தது அம்மாவின் கூலி.

கணக்காளர்கள் இதைக் கலப்பு வருமானம் என்று தனியாக வைக்கிறார்கள். இதில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு முதலுக்கு என்பது மதிப்பீடுதான். உலகத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட கணக்குப்படி உலக வருமானத்தில் உழைப்பின் பங்கு நூற்றுக்கு 52ஐச் சற்றுத் தாண்டி நிற்கிறது. அந்த எண்ணுக்குள்ளேயே சொந்தத் தொழில் செய்பவர்களின் உழைப்புக்கு என்று மதிப்பிட்டுச் சேர்த்த ஒரு பகுதி உண்டு. கடையும் வயலும் நிறைந்த நம்முடைய நாடு போன்றவற்றில் அந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் மாற்றினாலே எண் ஆடும். காரணிவாரி எண்ணை வைத்து இரண்டு நாடுகளை ஒப்பிடுபவர்கள் முதலில் டீக்கடையை எங்கே வைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆள்வாரிப் பகிர்வு என்கிறோம், ஆனால் டப்பா வீட்டுக்கு ஒன்றுதான். வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் போடும்போது அம்மாவும் அப்பாவும் சமமாகச் செலவழிப்பதாக எண்ணிக்கொள்கிறோம். வடை தட்டிய கைக்குச் சாவி உண்டா என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எனக்கு இது வருத்தம்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இரண்டு பகிர்வையும் சரிசெய்யாதா?

ஓரளவு. இங்கே 2015இல் எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு 3,600 கியாட் என்று வைத்தார்கள், 2018இல் 4,800 ஆக்கினார்கள். முதலில் பதினைந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கும், 2018இலிருந்து பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும் அது பொருந்தவில்லை. யாங்கோன் புறநகரான ஹ்லைங்தாயாவில் தையல் தொழிற்சாலையில் இருக்கும் மகளுக்கு உண்டு, மேலே சொன்ன டீக்கடைப் பையனுக்கு இல்லை. விலைவாசி ஏறும்போது கியாட்டில் எழுதிய எண் தேய்ந்துபோவது வேறு. 1930களில் ரூபாயில் எழுதிய கடன் கனத்தது, இப்போது கியாட்டில் எழுதிய கூலி இளைக்கிறது.

நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு குத்தகைப் பங்கு உழவருக்குத்தானே வந்திருக்க வேண்டும்?

வந்திருக்க வேண்டும். 1948 சுதந்திரத்தோடு நிலத் தேசியமயச் சட்டம் வந்தது, 1953இல் அதை மாற்றி எழுதினார்கள், 1965இல் குத்தகையையே ஒழித்தார்கள். நகரத்தார் நிலம் போனது. 1963இல் வங்கிகள், 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அந்த 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நிலமும் முதலும் கையில் இருந்த நோட்டும் போய், கப்பலேறிச் சென்னைக்கும் திருச்சிக்கும் போன குடும்பங்களிடம் மிஞ்சிய காரணி உழைப்பு ஒன்றுதான். சென்னை பர்மா பஜார் அப்படித் தொடங்கியது.

ஆனால் இங்கே தங்கிய உழவருக்கு அந்த 360 கூடை முழுசாக வந்ததா? நெல் ஏற்றுமதி அரசு வாரியத்தின் கையில் இருந்தது. வாரியம் குறைந்த நிலையான விலைக்கு வாங்கி, வெளிநாட்டில் அதிக விலைக்கு விற்றது. கொரியப் போர்க் காலத்தில் உலக அரிசி விலை ஏறியபோது அந்த ஏற்றம் வயலுக்கு வரவில்லை, அரசு வருமானத்துக்குப் போனது. குத்தகை என்ற பங்கு கணக்கிலிருந்து அழிந்தது, ஆனால் குவியலைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தார். வகுப்பில் நான்கு காரணிகளை எழுதியபின் ஐந்தாவதாக ‘அரசு’ என்று எழுதச் சொல்வேன். வரியாகவோ விலை வித்தியாசமாகவோ அங்கே போன பணம் சாலையாக, பள்ளியாக, ஓய்வூதியமாகத் திரும்பினால் யாருக்குத் திரும்பியது என்று ஆள்வாரிக் கணக்கில் மீண்டும் தேட வேண்டும்.

இப்போது நிலம் அரசுடையது, உழும் உரிமை உழவருடையது. 2012 விவசாய நிலச் சட்டத்துக்குப் பிறகு ஏழாம் எண் படிவம் என்ற நிலப் பயன்பாட்டுச் சான்று வைத்திருப்பவர் அந்த உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம். அடகு வைக்க முடியும் என்றால் நெல் விலை விழும்போது இழக்கவும் முடியும்.

எந்த வருமானம் ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு வகை வருமானத்துக்கும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மொத்த வருமானத்தில் அது எவ்வளவு? அந்த வகைக்குள் அது எத்தனை பேர் கையில் குவிந்திருக்கிறது? அப்படிக் குவித்து வைத்திருப்பவர்கள் வருமான வரிசையின் மேலே இருப்பவர்களா, கீழே இருப்பவர்களா? மூன்றையும் பெருக்கினால் அந்த வகை மொத்த ஏற்றத்தாழ்வுக்குச் சேர்க்கும் அளவு கிடைக்கும். ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணால் அளக்கும் ஜினி எண்ணைக் கூறுகூறாகப் பிரிக்கும் முறை இதுதான்.

நம் இரண்டு ஊருக்கும் போட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு விடை இரண்டிலும் ஒன்று, 41. இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஊரை மாற்றிவிடுகின்றன. முதல் கேள்வியோடு நின்றுவிட்டால் காரணிவாரிப் பகிர்வு மட்டும் தெரியும்.

அண்ணன் மலேசியாவிலிருந்து பணம் அனுப்புகிறார். அது எந்தக் காரணி?

உழைப்பு. ஆனால் அது மலேசியாவில் விளைந்ததில் உழைப்பின் பங்கு, பர்மாவில் விளைந்ததில் அல்ல. உங்கள் வீட்டு வருமானத்தில் அது வந்துவிடும், இந்த நாட்டுக்குள் விளைந்ததைக் காரணிவாரியாகப் பிரித்தால் வராது. நூறு வருஷத்துக்கு முன் தேவகோட்டை வீட்டில் நெல் வயல் இல்லாமலே பர்மா நெல்லின் வருமானம் வந்ததும் இதே வழிதான், திசைதான் மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எப்படித் தொடங்குவது?

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள், சம்பளம் வாங்காதவர் பெயரையும். மேலே கூலி, வாடகை அல்லது குத்தகை, வட்டி, லாபம், வெளியிலிருந்து வந்தது என்று ஐந்து கட்டம் போடுங்கள். பெயருக்கு நேரே நிரப்பி, கட்டங்களைக் கீழ்நோக்கிக் கூட்டினால் காரணிவாரி, குறுக்கே கூட்டினால் ஆள்வாரி. இரண்டு வழியிலும் கடைசித் தொகை ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் கூட்டலில் எங்கோ தவறு இருக்கிறது. ஒன்றாக வந்தாலும் யாரோ ஒருவர் உழைப்பு விட்டுப்போயிருக்கலாம், நிரப்பாமல் கிடக்கும் பெயரை மறுபடி பாருங்கள். சொந்த வீட்டுக்கும் சொந்த வயலுக்கும் வெளியே விட்டால் என்ன வருமோ அதை எழுதுங்கள். கடை லாபத்தைப் பிரிக்கும்போது அம்மாவிடமே கேளுங்கள், எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று. பக்கத்துத் தெருவில் அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கொடுப்பார்களோ அந்தத் தொகையை அவர் பெயருக்கு நேரே கூலிக் கட்டத்தில் போட்டு, அப்பாவின் லாபக் கட்டத்தில் அதைக் கழித்துவிடுங்கள்.